பழைய கேப் துப்பாக்கியின் திருகுக்கு எந்த டாப்?

கொழிஞ்சாம்பாறையிலிருந்து ஒரு நண்பர் கேட்டிருந்தார். தாத்தா காலத்துக் கேப் துப்பாக்கி ஒன்று வீட்டில் இருக்கிறது. கேப் என்பது அடி பட்டதும் வெடித்து மருந்தைப் பற்றவைக்கும் சின்ன உலோக மூடி. குழல் வாயில் மருந்து இடித்துச் சுடும் ரகம். பூட்டுத் தகட்டை (கேப்பை அடிக்கும் பொறியைத் தாங்கும் தகடு) மரக்கட்டையோடு சேர்த்துப் பிடிக்கும் இரண்டு திருகுகளில் ஒன்றைக் காணோம். இருக்கிற இன்னொன்றைக் கால் அங்குல விட்வொர்த் (பழைய இங்கிலாந்து அங்குலக் கணக்கு) நட்டில் விட்டுப் பார்த்தால் ஏறவில்லை, மில்லிமீட்டர் கணக்கிலுள்ள எம்6 நட்டில் முனைகூட நுழையவில்லை. எம்6 போல்ட்டைத் தகட்டின் ஓட்டையில் கொடுத்தால் இரண்டு சுற்றுப் போய் இறுகுகிறது. பக்கத்து லேத் பட்டறையில் "ஓட்டையைப் பெரிசு பண்ணி எம்8 டாப் போட்டுடலாம் சார்" என்றார்களாம். டாப் என்பது ஓட்டைக்குள் மரை வெட்டும் கருவி; மரை என்பது திருகைச் சுற்றி ஓடும் வரி. கோயம்புத்தூரில் எந்த டாப்பைத் தேட வேண்டும் என்பது அவர் கேள்வி.

எம்8 வேண்டாம். அதை ஒருமுறை செய்துவிட்டால் திரும்ப வழியே இல்லை. தொலைந்து போன திருகை எத்தனை முறை வேண்டுமானாலும் புதிதாகக் கடையலாம். நூற்றைம்பது வருஷம் பழைய தகட்டில் போட்ட ஓட்டையை யாராலும் மறுபடி சிறிதாக்க முடியாது. ஓட்டைக்குத் தகுந்தபடி திருகைச் செய்ய வேண்டும், கடையில் கிடைக்கும் திருகுக்குத் தகுந்தபடி ஓட்டையை மாற்றக் கூடாது. கீழே நான் சொல்லப்போவதெல்லாம் இதை ஒட்டித்தான்.

மரைக்கு முன்னால் இரண்டு விஷயம்.

முதலில், உள்ளே மருந்து இருக்கிறதா என்று பாருங்கள். சுவரில் மாட்டிய குழல்வாய்த் துப்பாக்கிகளில் இடித்த மருந்து அப்படியே கிடப்பது அதிசயமில்லை. கரிமருந்து ஈரம் படாமல் இருந்தால் நூறு வருஷம் ஆனாலும் பற்றும். ஒரு மரக்குச்சியைக் குழல் வாய் வழியே தட்டும் வரை விட்டு, வாயோரம் பென்சிலால் கோடு போட்டுக்கொள்ளுங்கள். குச்சியை வெளியே எடுத்துக் குழலுக்கு இணையாக வைத்துப் பார்த்தால், நுனி ஏறக்குறைய கேப் மாட்டும் குமிழ் வரை வர வேண்டும். இரண்டு மூன்று அங்குலம் முன்னாலேயே நின்றால் உள்ளே ஏதோ இருக்கிறது. அது குளவிக் கூடாகவும் இருக்கலாம், மருந்தும் குண்டுமாகவும் இருக்கலாம். தெரியாத வரை மருந்து என்றே எடுத்துக்கொள்ளுங்கள். அதன் பிறகு சூடு காட்டுவது, தட்டுவது, துளை போடுவது எதுவும் கூடாது. லைசென்ஸ் உள்ள துப்பாக்கிப் பழுதுக்காரர்தான் அதைக் கையால் தொட வேண்டும்.

இரண்டாவது சட்டம். 1959 ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5-ஆம் பிரிவுப்படி துப்பாக்கியைப் பழுது பார்ப்பதற்கே லைசென்ஸ் வேண்டும். 45-ஆம் பிரிவில் பழங்கால மாதிரிகளுக்கு விலக்கு உண்டு. ஆனால் அதைச் சரியாகப் படிக்க வேண்டும்: பழுது பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் சுடுவதற்கு உதவாத ஆயுதத்துக்குத்தான் அந்த விலக்கு. "தாத்தா காலத்தது, எப்படியும் சுடாது" என்பது போதாது. திருகு போட்டால் சுடும் என்றால் விலக்கில் வராது. உங்கள் துப்பாக்கி எந்தப் பக்கம் நிற்கிறது என்பதைப் பாலக்காடு கலெக்டர் அலுவலகத்தின் ஆயுத லைசென்ஸ் பிரிவில் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். லைசென்ஸில் இருக்கிற துப்பாக்கி என்றால், கீழே சொல்லும் அளவுகளை எடுத்துப் பழுதுபார்க்கும் லைசென்ஸ் உள்ளவரிடம் கொடுங்கள். அவருக்கும் வேலை பாதியாகும். இன்னொன்று, துப்பாக்கியையோ பூட்டையோ பையில் போட்டுக்கொண்டு வேலந்தாவளம் செக்போஸ்ட் தாண்டிக் கோயம்புத்தூர் பட்டறைக்கு வர வேண்டாம். அதற்கு அவசியமும் இல்லை, ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

சரி, மரைக்கு வருவோம்.

கடை மரைகள் ஏன் ஒத்துவரவில்லை? ஜோசப் விட்வொர்த் இங்கிலாந்தில் ஒரே மாதிரியான மரைக் கணக்கை முன்வைத்தது 1841-இல். அதற்கு முன்னால் ஒவ்வொரு பட்டறைக்கும் ஒரு மரை. அதற்குப் பின்னாலும் துப்பாக்கித் தொழில் அவ்வளவு சீக்கிரம் மாறவில்லை. அவர்கள் திருகுக்கு மரை போட்டது பெரும்பாலும் லேத்தில் இல்லை. கெட்டிப்படுத்திய எஃகுத் தகட்டில் வரிசையாகப் பல அளவில் மரை ஓட்டைகள் இருக்கும். அந்தத் தகட்டில் கம்பியைத் திருகித் திருகி நுழைப்பார்கள். இரும்பை வெட்டுவதைவிட நசுக்கிப் பிதுக்கித்தான் அது மரையை எழுப்பும். அதனால் பழைய திருகுகளின் மரை உச்சி மழுங்கலாக, உருண்டு இருக்கும். தேய்ந்துவிட்டது என்று நாம் நினைப்பது பல சமயம் பிறவியிலேயே அப்படி. பட்டறைக்காரர் டாப்பையும் அந்தத் தகட்டிலிருந்தே செய்துகொள்வார். தகடும் டாப்பும் திருகும் ஒரே குடும்பம், பக்கத்துப் பட்டறையின் திருகு இதில் ஏறாது.

போதாக்குறைக்கு பர்மிங்காம் துப்பாக்கி ஒரே கூரையின் கீழ் செய்யப்பட்டதும் இல்லை. பூட்டு டார்லஸ்டன், வெட்னஸ்பரி பக்கம் செய்து வரும். குழல் ஒருவர், கட்டை ஒருவர், கடைசியில் பொருத்துபவர் வேறொருவர். ஆகவே ஒரே துப்பாக்கியின் பூட்டுக்குள் இருக்கும் சின்னத் திருகுகளுக்கு ஒரு மரையும், பூட்டைக் கட்டையோடு பிடிக்கும் நீளத் திருகுகளுக்கு இன்னொரு மரையும் இருக்கலாம். 1850-களின் இரண்டாம் பாதியில் அமெரிக்க இயந்திரங்களை வரவழைத்து என்ஃபீல்டு அரசு ஆலையில் 1853 மாதிரித் துப்பாக்கியைச் செய்யத் தொடங்கியபோதுதான் அங்கே பாகங்கள் ஒன்றுக்கொன்று மாற்றிப் போடும்படி வந்தன. அதே மாதிரியைக் கைவேலையாகச் செய்து கொடுத்த தனியார் பட்டறைகளின் துப்பாக்கிகளுக்கு அது பொருந்தாது. தகட்டில் கிரீடமும் 'டவர்' என்ற எழுத்தும் இருக்கிறது என்பதை மட்டும் வைத்து மரையை முடிவு கட்ட முடியாது.

குழலின் அடியில் நீள்வட்டத்துக்குள் 'இஎல்ஜி' என்ற மூன்றெழுத்து முத்திரை இருந்தால் அது பெல்ஜியத்தின் லியேஜ் நகரில் சோதிக்கப்பட்டது. அங்குலக் கணக்கை அதில் கண்ணை மூடிக்கொண்டு நம்பாதீர்கள். முத்திரையே இல்லை என்றால் முங்கேர் போன்ற நம் நாட்டுத் துப்பாக்கிப் பட்டறையிலிருந்தோ, உள்ளூர்க் கொல்லரிடமிருந்தோ வந்திருக்கலாம். கொல்லர் செய்தது என்றால் அவர் கையில் இருந்த மரைத் தகடுதான் கணக்கு.

இதனால்தான் "எந்த டாப்?" என்று பெயர் கேட்டுத் தொடங்கினால் சுற்றிச் சுற்றி வர வேண்டியிருக்கும். பிட்ச் தெரிய வேண்டும், அதாவது ஒரு மரை உச்சியிலிருந்து அடுத்த உச்சிக்கு எவ்வளவு தூரம். விட்டம் அப்புறம். மரைப் பல்லின் கோணம் கடைசி.

அளக்கும் முறையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இதில்தான் பலர் சறுக்குகிறார்கள்.

உங்களிடம் இருக்கும் அந்த ஒரு திருகை முதலில் எடுங்கள். அது ஒரு பக்கத்திலிருந்து கட்டையைத் துளைத்து வந்து, நுனியில் மட்டும்தான் பூட்டுத் தகட்டைக் கவ்வும். தகடு மூன்றரை, நான்கு மில்லிமீட்டர்தான் இருக்கும். ஆகவே தேய்மானம் எல்லாம் நுனியில் உள்ள மூன்று நான்கு மரையில். அதற்கு மேலே கட்டைக்குள் சும்மா இருந்த மரை பெரும்பாலும் புதிதாகவே இருக்கும். அங்கே அளங்கள். நுனியில் வெர்னியரை வைத்து 5.9 என்று படித்துவிட்டு எம்6 என்று முடிவு கட்டியவர்கள் நிறைய.

பிட்ச் கேஜ் (மரைப் பல் வெட்டிய இலைகள் கோத்த அளவுகோல்) கடையில் வாங்கும்போது 55 டிகிரி, 60 டிகிரி இரண்டும் உள்ள செட்டாக வாங்குங்கள். இலையை மரையில் வைத்து ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். ஆனால் மழுங்கிய கை மரையில் அங்குலத்துக்கு 24, 26 மரை என்ற இரண்டு இலையும் உட்கார்ந்த மாதிரியே தோன்றும். அங்கே கண்ணை நம்புவதைவிட ஸ்கேனரை நம்பலாம். சித்தூரிலோ பொள்ளாச்சியிலோ ஏதாவது டிடிபி கடையில், ஆவணம் ஸ்கேன் செய்யும் கண்ணாடி மேல் திருகைப் படுக்க வைத்து, பக்கத்தில் ஒரு ஸ்டீல் ஸ்கேலையும் வைத்து, 1200 டிபிஐ-யில் (அங்குலத்துக்கு 1200 புள்ளி) ஸ்கேன் எடுக்கச் சொல்லுங்கள். கம்ப்யூட்டரில் பெரிதாக்கிப் பத்து மரைக்கு எத்தனை புள்ளி என்று எண்ணினால் போதும். அங்குலத்துக்கு 24 மரை என்றால் பத்து மரைக்குச் சரியாக 500 புள்ளி வரும். 26 என்றால் 461 அல்லது 462. 28 என்றால் 429. எம்6-இன் ஒரு மில்லிமீட்டர் பிட்ச் என்றால் 472. விட்வொர்த் கால் அங்குலம் அங்குலத்துக்கு 20 மரை, அது 600. கேஜில் குழப்பியது இங்கே பளிச்சென்று பிரிந்துவிடும். ஸ்கேல் எதற்கு என்றால், ஸ்கேனர் உண்மையிலேயே 1200 காட்டுகிறதா என்று சரிபார்க்க.

எம்6 போல்ட் ஏன் இரண்டு சுற்று மட்டும் போய் இறுகியது என்பதற்கும் இதே கணக்கில் பதில் இருக்கலாம். அங்குலத்துக்கு 26 மரை என்றால் பிட்ச் 0.977 மில்லிமீட்டர். எம்6-க்கு 1.0. ஒரு மரைக்கு வித்தியாசம் ஒரு மில்லிமீட்டரில் நாற்பதில் ஒரு பங்குகூட இல்லை, அதனால் முதலில் ஏறும். மரைக்கு மரை அது சேர்ந்துகொண்டே போகும், அப்புறம் இறுகும். அந்த இடத்தில் ஸ்பேனரைப் போட்டு இன்னும் அரைச் சுற்று கொடுத்தால் ஓட்டையின் மரை போயிற்று. இனி அந்த எம்6 போல்ட்டை அந்தத் தகட்டுப் பக்கமே கொண்டு போகாதீர்கள்.

அடுத்து ஓட்டை. திருகை மட்டும் அளந்தால் போதாது, இரண்டு திருகும் ஒரே அளவு என்பதற்கு உத்தரவாதம் இல்லை. கைவேலைத் துப்பாக்கிகளில் திருகின் தண்டிலோ தலைக்கு அடியிலோ அரத்தால் ஒரு கீறல், இரண்டு கீறல் போட்டிருப்பார்கள். எந்தத் திருகு எந்த ஓட்டைக்கு என்ற அடையாளம் அது. இருக்கிற திருகில் அப்படி ஏதாவது தெரிகிறதா என்று லென்ஸ் வைத்துப் பாருங்கள்.

ஓட்டையை அளக்கப் பல் மருத்துவர்கள் அச்சு எடுக்கும் சிலிகான் மாவு அருமையான பொருள். பல் மருத்துவப் பொருள் விற்கும் கடைகளில் கிடைக்கும். ஓட்டையை மண்ணெண்ணெய் தொட்ட பஞ்சால் சுத்தம் செய்து, துளி எண்ணெய் தடவி, தகட்டின் பின்பக்கம் ஒரு டேப்பை ஒட்டி, மாவைக் குழைத்து அழுத்தி நிரப்புங்கள். கெட்டியானதும் பிய்த்து இழுக்காமல் திருகி எடுங்கள். ஓட்டையின் உள்மரை அப்படியே ரப்பர் திருகாக வெளியே வரும். அதையும் ஸ்கேன் செய்யுங்கள். மரையின் உச்சி விட்டம், அடி விட்டம் இரண்டும் இதில் கிடைக்கும். முன்பு துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு வர வேண்டியதில்லை என்றேனே, இதனால்தான். கடைசல்காரருக்கு வேண்டியது இருக்கிற திருகும், ரப்பர் அச்சும், ஒரு துண்டுத்தாளில் எழுதிய அளவுகளும் மட்டுமே.

இப்போது அளவு கையில் இருக்கிறது. கடை டாப் ஏதாவது ஒத்துவருமா?

கால் அங்குலம், அதாவது கிட்டத்தட்ட 6.35 மில்லிமீட்டர் விட்டம், அங்குலத்துக்கு 26 மரை வந்தால் உங்களுக்கு யோகம். அது பிஎஸ்எஃப் (பிரிட்டிஷ் ஸ்டாண்டர்ட் ஃபைன்) என்ற நெருக்கமான மரை வரிசையின் கால் அங்குலம். பிஎஸ்எஃப் 1908-இல் வந்த கணக்கு, உங்கள் துப்பாக்கி அதற்கு மூத்தது. ஆனாலும் பிட்ச் ஒன்றுதான், நான்கு மரை ஆழத்துக்கு அது போதும். 5/16 பக்கம் 22 மரை வந்தாலும் பிஎஸ்எஃப்தான், 7/32-க்கு 28, 3/16-க்கு 32. பூட்டுக்குள் இருக்கும் சின்னத் திருகுகளுக்கு பிஏ (பிரிட்டிஷ் அசோசியேஷன்) வரிசையையும் ஒத்துப் பாருங்கள். அது 47.5 டிகிரி கோணம், அளவு மில்லிமீட்டரில் ஓடும்: 0பிஏ 6.0 விட்டம் 1.0 பிட்ச், 2பிஏ 4.7 விட்டம் 0.81 பிட்ச், 4பிஏ 3.6-க்கு 0.66. ஜெர்மன் மௌசர் துப்பாக்கி விஷயம் தெரிந்தவர்கள் கால் அங்குலம் 22 மரை என்பார்கள். அது மௌசரின் அடிப்பகுதித் திருகுகளுக்கு உண்மை, உங்கள் கேப் துப்பாக்கிக்கும் அதற்கும் சம்பந்தம் கிடையாது.

இந்த டாப்புகளைத் தேடுவதில் நம் பக்கத்துக்காரர்களுக்கு ஒரு சௌகரியம் உண்டு, மற்ற ஊர்க்காரர்களுக்குக் கிடைக்காதது. கோயம்புத்தூரில் ஸ்டேன்ஸ் மில் 1888-இல் வந்தது. அதிலிருந்து பல பத்தாண்டுகள் மில்களுக்குள் வந்த நூற்பு இயந்திரங்களில் பெரும்பகுதி லங்காஷயர் சரக்கு. அத்தனையும் அங்குல மரை. வால்பாறை, மூணாறு தேயிலை ஃபாக்டரி இயந்திரங்களும் அப்படித்தான். மில்கள் மூடியபோது அவற்றின் ஃபிட்டர் பெட்டிகளும் பழைய இரும்போடு சேர்ந்து உக்கடத்துப் பழைய இரும்புக் கடைகளுக்கு வந்தன. விட்வொர்த், பிஎஸ்எஃப் டாப்புகள் கிலோ கணக்கில் தகர டப்பாவில் கிடக்கும். அடிசன், டோட்டம் என்று பெயர் பொறித்ததாக இருந்தால் பல்லைப் பார்த்து வாங்கலாம். டாப்பின் தண்டில் அளவு பொறித்திருக்கும், ஆனால் அதை மட்டும் நம்பாமல் உங்கள் திருகைப் பக்கவாட்டில் டாப்பின் மரையோடு சேர்த்து வைத்து வெளிச்சத்தில் பாருங்கள். பத்து மரையும் இடைவெளி இல்லாமல் ஒன்றுக்குள் ஒன்று உட்கார்ந்தால் பிட்ச் சரி. கடைக்காரர் சிரிப்பார், சிரிக்கட்டும்.

இன்னொரு இடம் பழைய புல்லட் மோட்டார் சைக்கிள் மெக்கானிக். பழைய ராயல் என்ஃபீல்டில் பிஎஸ்எஃப்பும் 26 மரை சைக்கிள் மரையும் கலந்து வரும். அந்தக் காலத்து மெக்கானிக் யாரிடமாவது கால் அங்குலம் 26 டாப்பும் டையும் (திருகின் மேல் மரை போடும் கருவி) இல்லாமல் இருக்காது. சைக்கிள் கடையிலும் 26 மரை உண்டு, முன் சக்கர அச்சு 5/16-க்கு 26, பின் அச்சு 3/8-க்கு 26. கோணம் அதில் 60 டிகிரி, பிஎஸ்எஃப்பில் 55. தகட்டில் மூன்றரை மரை பிடிக்கும் இடத்தில் இந்த ஐந்து டிகிரிக்குப் பெரிதாகக் கவலைப்பட வேண்டாம். ஓட்டையைச் சுத்தம் செய்ய மட்டும் 55-ஐயே தேடுங்கள், கூர்மையான 60 டிகிரிப் பல் பழைய மழுங்கல் மரையின் அடியைக் கீறிவிடும்.

எந்த டாப் கிடைத்தாலும் அது ஓட்டையைச் சுத்தம் செய்யத்தான், புது மரை வெட்ட இல்லை. டாப்பை ரெஞ்சில் மாட்டாமல் வெறும் விரலால் பிடித்து எண்ணெய் விட்டுத் திருப்புங்கள். பழைய மரையை அது தானாகக் கண்டுபிடித்து உள்ளே போக வேண்டும். விரல் வலித்தால் நிறுத்துங்கள், அது உங்கள் மரை இல்லை. பழைய பூட்டுத் தகடுகள் மேல்தோல் கெட்டிப்படுத்தியவை என்பதையும் மறக்காதீர்கள். அரம் வழுக்கிக்கொண்டு போனால் கெட்டி என்று அர்த்தம். அதில் பலவந்தம் செய்தால் டாப் உள்ளேயே முறியும், அப்புறம் அதை எடுப்பது தனிக்கதை.

கடையில் எதுவும் ஒத்துவரவில்லை என்றால்? ஸ்கேனில் 25 வருகிறது, 27.5 வருகிறது, இப்படிப் பெயரில்லாத மரைகள் வரத்தான் செய்யும். அப்போது தேடுவதை நிறுத்திவிட்டுச் செய்வதற்கு மாறுங்கள். நிறைய பேர் இந்த முடிவுக்கு ஒரு வருஷம் அலைந்த பிறகு வருகிறார்கள்.

முதலில் திருகு. ஓட்டையின் மரை நன்றாக இருந்தால் டாப்பே தேவையில்லை. மைல்டு ஸ்டீல் கம்பியை லேத்தில் பிடித்து, ஒற்றை முனை டூலால் மரை வெட்டச் சொல்லுங்கள். டையால் போடச் சொல்லாதீர்கள், அவர்களிடம் அந்த டை இருக்காது. நம் ஊர் லேத்துகள் பலவற்றில் லீட் ஸ்க்ரூ (வெட்டும் டூலை நகர்த்தும் நீளத் திருகு) அங்குலத்துக்கு 4 மரை. 26 மரை வெட்ட 4-க்கு 26, அதாவது 2-க்கு 13 என்ற விகிதம் வேண்டும். ஓட்டும் பல்சக்கரம் 20, ஓடும் சக்கரம் 65, அடுத்த ஜோடி 40-க்கு 80 போட்டால் கணக்கு நேராகிவிடும். 22 மரை என்றால் 65-ஐ எடுத்துவிட்டு 55. லீட் ஸ்க்ரூ மில்லிமீட்டர் கணக்கு என்றால் 127 பல் சக்கரம் கேட்பார்கள், அது இல்லாத பட்டறைக்குப் போக வேண்டாம். வெட்டும்போது அரை நட்டை (டூலை லீட் ஸ்க்ரூவோடு கோக்கும் பிடி) திறக்காமல் மோட்டாரைத் திருப்பித் திருப்பி ஓட்டச் சொல்லுங்கள், ஒற்றைப்படைக் கணக்கு மரைகளில் இடம் தவறாது. ரப்பர் அச்சில் கிடைத்த அளவுக்குக் கொஞ்சம் பெரிதாகவே நிறுத்தி, வீட்டில் ஓட்டையில் விட்டுப் பார்த்து, வேண்டுமானால் நுண்ணிய எமரியால் சரிசெய்வது நல்லது.

கோயம்புத்தூரில் கணபதி, ஆவாரம்பாளையம் பக்கம் சின்னப் பட்டறைகளில் வயதான டர்னர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். சிஎன்சி வைத்திருப்பவரிடம் ஒற்றைத் திருகு கேட்டால் கோபம் வரும், கையால் கடைபவரிடம் கேட்டால் டீ சொல்லிவிட்டு உட்காரச் சொல்வார்.

ஓட்டையின் மரை கெட்டிருந்தால்தான் டாப் செய்ய வேண்டும். சில்வர் ஸ்டீல் (சூடாக்கிக் கெட்டிப்படுத்தக்கூடிய கருவி எஃகு) கம்பி வாங்கிக் கொடுங்கள். திருகுக்குப் போட்ட அதே கியரில் அதே மரையை அதில் வெட்டி, நுனியைச் சாய்வாகக் குறைத்து, நீளவாட்டில் மூன்று தட்டைப் பக்கமாக அரத்தால் தேய்த்தால் டாப் ஆகிவிட்டது. நான்கு பள்ளம் மில்லிங்கில் போட்டால் இன்னும் அழகு, ஆனால் சுத்தம் செய்யும் வேலைக்கு மூன்று தட்டை போதும். பிறகு மரைப் பல்லில் சோப்பைக் குழைத்து அப்பி, காந்தம் ஒட்டாத அளவுக்குச் சற்று மேலே செந்நிறமாகச் சூடாக்கி, எண்ணெயில் நேராக இறக்க வேண்டும். சோப் எதற்கு என்றால், சூட்டில் பல்லின் முனை கருகி உதிராமல் இருக்க. குளிர்ந்ததும் எமரி போட்டுப் பளபளப்பாக்கி, தண்டுப் பக்கமிருந்து மெல்லச் சூடு ஏற்றினால் நிறம் ஓடி வரும். வெட்டும் முனையில் வைக்கோல் மஞ்சள் வந்த உடனே தண்ணீரில் முக்கிவிடுங்கள். நீலம் வந்துவிட்டால் பல் மெத்தென்று போயிருக்கும், திரும்ப முதலிலிருந்து.

பல் கொஞ்சம் தேய்ந்த ஓட்டைக்கு, இந்த டாப்பையே ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு பெரிதாக, அதே பிட்ச்சில் செய்து ஓட்டி, திருகையும் அதே அளவு பெரிதாகக் கடைவது பழைய துப்பாக்கிக் கொல்லர்களின் வழி. பழைய இரும்பு மிகக் குறைவாகப் போகும், வெளியே தெரியவும் தெரியாது. மரை முழுக்கவே வழித்துக்கொண்டு போயிருந்தால் மட்டும் ஓட்டையைப் பெரிதாக்கி மைல்டு ஸ்டீல் புஷ் (ஓட்டைக்குள் பொருத்தும் துண்டு) போட்டு, புஷ்ஷில் பழைய மரையை எழுப்பலாம். கால் அங்குலம் 26-க்கு அதில் 5.3 மில்லிமீட்டர் டிரில் சரியாக இருக்கும். வெல்டிங் வைத்து ஓட்டையை அடைக்கலாம் என்று யாராவது சொன்னால் தகட்டைத் திருப்பி வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள். சூட்டில் தகடு வளையும், மேல்தோலின் கெட்டியும் நிறமும் போய்விடும், உள்ளே ஸ்பிரிங் நிற்கும் இடமும் தள்ளிப்போகும்.

இந்த முறைகளெல்லாம் பூட்டு, கட்டை, பித்தளைச் சாமான் ஆகியவற்றின் திருகுகளுக்கு மட்டும். குழலின் பின்பக்க அடைப்பு, கேப் மாட்டும் குமிழ் இரண்டும் வெடிப்பின் அழுத்தத்தைத் தாங்கும் இடங்கள். அங்கே தோதான டாப் கிடைத்தாலும் கை வைக்காதீர்கள். காட்சிக்கு வைக்கும் துப்பாக்கிக்கு அங்கே வேலையும் இல்லை.

திருகின் தலை பற்றி இரண்டு வார்த்தை. பழைய தலையின் வெட்டு மிகக் குறுகல். சாதாரண ஹேக்சா பிளேடு போட்டால் அகலமாகி, பார்த்த உடனே புதுத் திருகு என்று காட்டிக் கொடுத்துவிடும். நகை ஆசாரி பயன்படுத்தும் ரம்பம் சரியாக இருக்கும். இருக்கிற திருகின் தலை உருண்டையைப் பார்த்து அதே வளைவைக் கடையச் சொல்லுங்கள். திருப்பும்போது, ஆப்பு மாதிரி சரிந்த கடை ஸ்க்ரூட்ரைவர் வெட்டின் மேல் விளிம்பைத்தான் தொடும், வழுக்கித் தலையைக் கிழித்துவிடும். முனை இரண்டு பக்கமும் இணையாகத் தேய்த்து, வெட்டின் அடி வரை இறுக்கமாக உட்காருகிற ஒன்றைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

பாலக்காட்டுக் கணவாயில் ஜூன் பிறந்தால் இரும்புக்குச் சனி. உங்கள் வீட்டிலும் துப்பாக்கிக்குத் தேங்காய் எண்ணெய் தடவுகிற வழக்கம் இருக்கும். அது கொஞ்ச நாளில் பிசினாகி, குளிர் காலையில் உறைந்து, மரைக்குள் தூசியைக் கட்டிப்பிடித்துக்கொள்ளும். திருகு சிக்கினால் பாதிக் காரணம் அதுவாக இருக்கலாம். மண்ணெண்ணெயால் அதைக் கரைத்து எடுத்துவிட்டு, தையல் மெஷின் எண்ணெய் ஒரு துளி விடுங்கள். கட்டைக்குள் போகும் தண்டுப் பகுதிக்கு மெழுகு தேய்த்தால் மரத்தின் ஈரம் இரும்பைத் தின்னாது.

வேலை முடிந்ததும் செய்த டாப், ரப்பர் அச்சு, பழைய திருகு மூன்றையும் எண்ணெய்த் தாளில் சுற்றி, பிட்ச், விட்டம், எந்த ஓட்டை, எந்த வருஷம் செய்தது என்று ஒரு சீட்டில் எழுதி உள்ளே போட்டு வையுங்கள். ஸ்கேனில் என்ன வந்தது என்று எழுதுங்கள், கியர் கணக்குப் போட்டுத் தருகிறேன்.